350 ஜிபி ஃபுட்டேஜ் 2 டெராபைட் டிஸ்க்கில் அடங்காத கதை: எடிட்டிங்குக்கு வீடியோ கன்வெர்ட் செய்ய முழுமையான வழிகாட்டி

முகூர்த்த மாதம். விடிகாலை நாலரை மணிக்கு ஸ்டுடியோவிலிருந்து தம்பி போன்.

"அண்ணா, டிஸ்க் ஃபுல்லுன்னு காட்டுதுங்ணா."

"எந்த டிஸ்க்கு?"

"நேத்து சாயங்காலம் வாங்கிட்டு வந்தமே, புது 2 டிபி. அதேதாங்ணா."

"இருந்த ஃபுட்டேஜே 350 ஜிபிதானேடா?"

"ஆமாங்ணா. ஆனா முகூர்த்தம் ஏறினதுக்கே இடம் தீந்துபோச்சு. ஏற்காடு அவுட்டோர் ஒரு கிளிப்கூட ஏறல."

தம்பி மேல் தப்பில்லை. சிஸ்டம் ஹேங்க் ஆகிறது, எடிட்டிங்குக்கு ஏற்ற ஃபார்மட்டுக்கு மாற்றிவிடு என்று சொன்னது நான்தான். எந்த ஃபார்மட் என்று சொல்லவில்லை. பட்டியலில் பெரிதாகத் தெரிந்த புரோரெஸ் எச்க்யூ என்ற எடிட்டிங் ஃபார்மட்டை அவன் தட்டிவிட்டான். "ஹை க்வாலிட்டி" என்று பெயரிலேயே இருக்கும்போது யார்தான் அதைத் தட்ட மாட்டார்கள்?

அன்றிலிருந்து எங்கள் ஸ்டுடியோவில் நடக்கும் முறையை வரிசையாக எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதினாலும், குறும்படம், யூடியூப் என்று எது செய்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

படி 1: கன்வெர்ட் பட்டனைத் தொடும் முன் 0.45

வீடியோ ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை அதன் பிட்ரேட்தான் முடிவு செய்கிறது. 4கேவா எச்டியா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதுதான் எம்பிபிஎஸ். அந்த எண்ணை 0.45ஆல் பெருக்கினால், ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 100 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 45 ஜிபி. இந்த ஒரு பெருக்கல் தெரிந்திருந்தால் அந்தப் போனே வந்திருக்காது.

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சோனி ஏ7 மார்க் 3 கேமரா 4கே, நொடிக்கு 25 ஃபிரேமில் 100 எம்பிபிஎஸ் வரை பதிவு செய்யும். ஒரு கேமராவில் 4 மணி நேரம், 180 ஜிபி. இன்னொன்றில் 3 மணி நேரம், 135 ஜிபி. டிரோனும் 100 எம்பிபிஎஸ்தான். அதில் 40 நிமிடம், 30 ஜிபி. மாப்பிள்ளை வீட்டார் போனில் எடுத்துக் கொடுத்தது அரை மணி நேரம், சுமார் 5 ஜிபி. ஆக 8 மணி 10 நிமிடம், 350 ஜிபி.

இதையே 4கே 25 ஃபிரேமில் புரோரெஸ் எச்க்யூ ஆக்கினால் 737 எம்பிபிஎஸ். மணிக்கு 332 ஜிபி. மொத்தம் 2.7 டெராபைட். 2 டெராபைட் டிஸ்க் ஆறு மணி நேர ஃபுட்டேஜோடு நிரம்பிவிடும், நிரம்பியது. சாதாரண புரோரெஸ் 422 என்றால் 492 எம்பிபிஎஸ், மொத்தம் 1.8 டெராபைட். அதுவும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று கீழே வருகிறேன்.

கடைக்காரர் 2 டெராபைட் என்று தருவதை விண்டோஸ் 1.81 என்று காட்டும். ஏமாற்று ஒன்றுமில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது.

படி 2: ஃபைலின் ஜாதகத்தைப் பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு கிளிப்பை அதில் போட்டால் ஐந்து விஷயம் பார்க்கலாம்: கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) எது, பிட்ரேட் எவ்வளவு, ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) நிலையானதா மாறுவதா, 8 பிட்டா 10 பிட்டா (நிறத்தின் படிநிலைகள் எவ்வளவு நுணுக்கம்), 4:2:0வா 4:2:2வா (நிற விவரம் எவ்வளவு வைத்திருக்கிறது). இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள். பொருத்தம் பார்க்காமல் கல்யாணத்துக்கு நாள் குறிப்போமா? அதே கதைதான்.

ஃபைல் சின்னது, சிஸ்டம் ஏன் திணறுகிறது?

இது படி இல்லை. ஆனால் இது புரியாவிட்டால் மேற்கொண்டு எந்தப் படியும் மனதில் நிற்காது.

கேமராவும் போனும் தருவது பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265. இவை ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை. ஒரு முழுப் படம். அதன் பின்னால் ஒரு வரிசைக்கு 'முன்னதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்பு மட்டும். மணமேடையில் பின்னணி அசைவதே இல்லை, ஐயர் கை மட்டும் அசைகிறது என்றால் கைக்கு மட்டும் குறிப்பு. அதனால்தான் இடம் மிச்சமாகிறது. ஆனால் டைம்லைனில் நடுவில் ஒரு ஃபிரேமைத் தொட்டால், சிஸ்டம் பின்னோக்கிப் போய் முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து ஒவ்வொரு குறிப்பாகக் கட்டி எழுப்பி உங்கள் ஃபிரேமுக்கு வர வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற எடிட்டிங் ஃபார்மட்டுகள் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகவே வைக்கும். பிராசஸருக்கு நிம்மதி, டிஸ்க்குக்குச் சுமை. மாற்றும்போது நாம் செய்வது இவ்வளவுதான்: பிராசஸரின் பாரத்தை எடுத்து டிஸ்க்கின் தலையில் வைக்கிறோம். தரம் ஒரு துளியும் ஏறாது. 8 பிட், 4:2:0, 100 எம்பிபிஎஸ்ஸில் கேமரா தூக்கி எறிந்ததை 737 எம்பிபிஎஸ் ஃபார்மட் திரும்பக் கொண்டுவராது. அரைப்படி அரிசியை அண்டாவில் கொட்டினாலும் அரைப்படிதான்.

படி 3: பிராக்ஸி போடுங்கள், ஒரிஜினலைத் தொடாதீர்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோவின் மிச்சம். ஃபிலிம் காலத்தில் எந்த எடிட்டரும் நெகட்டிவைக் கத்தரித்து விளையாட மாட்டார். கேமராவில் ஓடியது நெகட்டிவ். அதிலிருந்து ஒரு ரஷ் பிரிண்ட் போடுவார்கள். கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று அதை வெட்டி ஒட்டிப் படத்தை முடிப்பார்கள். ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்துக் கடைசியில்தான் நெகட்டிவை வெட்டுவார்கள். ஆயிரம் அடி 35 எம்எம் ரோல் ஓடுவதே சுமார் 11 நிமிடம். அதில் யார் கை வைக்கத் துணிவார்கள்?

பிராக்ஸி என்பது எடிட்டிங்குக்கு மட்டும் போடும் சின்ன நகல், அந்த ரஷ் பிரிண்ட்தான். ஒரிஜினல் ஃபைல் நெகட்டிவ். ஓரத்து எண்ணுக்குப் பதில் ஃபைல் பெயரும் டைம்கோடும்.

ஒரிஜினல் 4கேவாக இருந்தாலும் பிராக்ஸி 1080பி போதும். 1080பி, 25 ஃபிரேமில் புரோரெஸ் பிராக்ஸி 38 எம்பிபிஎஸ், மணிக்கு 17 ஜிபி. எங்கள் 8 மணி 10 நிமிடத்துக்கு 140 ஜிபிக்குள் முடிந்துவிடும். விண்டோஸ்காரர்களுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பியும் கிட்டத்தட்ட அதே அளவு. இன்னும் நெருக்கடி என்றால் 720பி எச்.264, 8 எம்பிபிஎஸ். மொத்தமே 30 ஜிபி. லேப்டாப்பில் கொண்டுபோய் பஸ்ஸில் உட்கார்ந்தே கட் பண்ணலாம். அதிலும் பின்னோக்கி ஓட்டும்போது கொஞ்சம் இழுக்கும், ஆனால் படம் சின்னது என்பதால் சமாளிக்கும்.

எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் புராஜெக்டுக்குள் கிளிப்களை இழுத்ததும், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால் பிராக்ஸி என்ற பகுதியில் உருவாக்கும் வழி இருக்கிறது. இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில், கிளிப்கள் இருக்கும் மீடியா பூலிலேயே செய்யலாம். 2022இல் ரிசால்வ் 18 வந்தபோது கூடவே பிராக்ஸி ஜெனரேட்டர் என்று தனி மென்பொருளும் வந்தது. ஃபோல்டரைக் காட்டிவிட்டால் அதுவே போட்டுக்கொண்டிருக்கும், நீங்கள் வேறு வேலை பார்க்கலாம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. பிராக்ஸியின் ஃபிரேம் ரேட் ஒரிஜினலோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஆடியோ சேனல் எண்ணிக்கையும் அப்படியே. ஒரிஜினலில் நாலு, பிராக்ஸியில் இரண்டு என்றால் பிரீமியர் இணைக்க மறுக்கும். மூன்றாவதுதான் வம்பானது: பெயர். சோனி கேமராவில் கார்டை ஃபார்மட் செய்தால் ஃபைல் பெயர் மறுபடி சி0001இலிருந்து தொடங்கிவிடும். இரண்டு கேமரா, நாலு கார்டு என்றால் நாலு சி0001. எல்லா பிராக்ஸியையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினீர்களோ, தாலி கட்டும் கிளிப்பின் இடத்தில் சாப்பாட்டுப் பந்தி ஓடும். எங்களுக்கு ஓடியிருக்கிறது. அதனால் கார்டுக்கு ஒரு ஃபோல்டர், பிராக்ஸியிலும் அதே ஃபோல்டர் அமைப்பு. பெயர் மாற்றுவதாக இருந்தால் புராஜெக்டில் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள், ஏற்றிய பிறகு கை வைக்காதீர்கள்.

படி 4: முழுசாக மாற்றியே ஆகவேண்டியவை

எல்லாவற்றுக்கும் பிராக்ஸி மட்டும் போதாது. போன் ஃபுட்டேஜ் அதில் முதல் ஆள்.

போன்கள் வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஃபிரேம் ரேட்டை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும். 30 என்று காட்டும், உள்ளே 29ம் 31ம் கலந்திருக்கும். இதை அப்படியே டைம்லைனில் போட்டால் முதல் நிமிடம் சரியாக இருக்கும். பத்தாவது நிமிடத்தில் தவில்காரரைப் பாருங்கள்: குச்சி இன்னும் மேலேயே இருக்கும், அடி காதில் விழுந்துவிடும். நாதஸ்வரத்தில் இந்தப் பிசகு சட்டெனத் தெரியாது. தவிலில் தப்பவே முடியாது. சிங்க் போயிருக்கிறதா என்று பார்க்க நான் எப்போதும் தவில் குச்சியைத்தான் பார்ப்பேன்.

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோ பகுதியில் நிலையான ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுங்கள். டைம்லைன் 25 என்பதற்காக இங்கேயே 25 ஆக்காதீர்கள். 30 என்றால் 30ஆகவே நிலைப்படுத்துங்கள், மீதியை டைம்லைன் பார்த்துக்கொள்ளும். தரத்துக்கு ஆர்எஃப் என்ற எண் இருக்கும். எண் குறையக் குறைய ஃபைல் பெருக்கும். சுமாராக ஆறு எண் குறைத்தால் அளவு இரட்டிப்பாகும். எடிட்டிங்குக்குப் போகும் போன் கிளிப்புக்கு நான் 18 வைப்பேன். அரை மணி நேரச் சமாசாரம், கொஞ்சம் பெருத்தால் குடிமுழுகிப் போகாது.

இரண்டாவது, எச்.265, 10 பிட், 4:2:2 ஃபுட்டேஜ். புது கேமராக்கள் இதைத்தான் தருகின்றன. இதை ஹார்டுவேரில் திறக்கும் வசதி எல்லா கிராஃபிக்ஸ் கார்டிலும் இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் இதைச் செய்யும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே விலை கூடிய கார்டு போட்ட சிஸ்டம் திணற, சாதாரண இன்டெல் லேப்டாப் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் பேய் என்று நினைக்காதீர்கள். பிராக்ஸி போட்டும் கலர் செய்யும்போது தாங்கவில்லை என்றால், தேர்ந்தெடுத்த கிளிப்களை மட்டும் புரோரெஸ் 422க்கோ அதைவிடச் சின்ன புரோரெஸ் எல்டிக்கோ மாற்றலாம். டிஎன்எக்ஸ்எச்ஆரில் ஒரு பொறி உண்டு: அதன் எல்பி, எஸ்க்யூ, எச்க்யூ வகைகள் மூன்றும் 8 பிட். லாகில் (பிறகு கலர் செய்வதற்கென்றே மங்கலாகப் பதிவு செய்யும் முறை) எடுத்த 10 பிட் ஃபுட்டேஜை எச்க்யூவில் போட்டால் ஃபைலும் பெருத்து, இரண்டு பிட்டும் போய்விடும். எச்க்யூஎக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏற்காடு பகோடா பாயிண்டில் பனிமூட்டத்தில் எடுத்த ஷாட் கைவசம் இருந்தால் இந்த இரண்டு பிட்டின் அருமை தெரியும். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல இறங்க வேண்டிய பனி, 8 பிட்டில் கலரைக் கொஞ்சம் இழுத்ததும் படிக்கட்டு படிக்கட்டாகக் கோடு விழும். பிராக்ஸியில் அந்தக் கோடு தெரிந்தால் மட்டும் பதறாதீர்கள். ஒரிஜினலுக்கு மாறிப் பார்த்துவிட்டுப் பதறுங்கள்.

மூன்றாவது, மாற்றவே தேவையில்லாமல் மாற்றப்படுபவை. எம்கேவி ஃபைலை பிரீமியர் ஏற்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது அதே எச்.264தான், உறை மட்டும்தான் வேறு. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் ரீராப் என்று ஒரு வசதி இருக்கிறது. உறையை மட்டும் மாற்றும். மறுஎன்கோடிங் கிடையாது, தரம் குறையாது, அளவும் ஏறாது. ஒரு காப்பி எடுக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

பழைய மினி டிவி (MiniDV) கேசட் கொண்டுவருபவர்களுக்கு: அந்த டிவி (DV) ஃபார்மட் மணிக்கு சுமார் 13 ஜிபிதான். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மாற்றும் முன் களை எடுங்கள்

சுணங்காமல் செய்தால் இதுதான் அதிக இடம் மிச்சப்படுத்தும். கல்யாண ஃபுட்டேஜில் தரையைப் பார்த்து ஓடியது, லென்ஸ் மூடியோடு ஓடியது, சாப்பிடப் போகும்போது அணைக்க மறந்தது என்று நிறையக் கிடக்கும். எங்கள் இரண்டாம் கேமராவில் ஒரு தடவை 22 நிமிடம் கேமராமேனின் செருப்பு. அதைப் புரோரெஸ் எச்க்யூவில் போட்டால் 120 ஜிபிக்கு மேல் செருப்புக்கே போகும். கிளிப்களை வேகமாக ஓட்டிப் பார்த்து, வேண்டாததைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். அழிக்க வேண்டாம், கன்வெர்ட் வரிசையில் சேர்க்காமல் விட்டால் போதும். பெண்ணின் தாத்தா கடைசியாகச் சிரித்த முகம் அந்தச் செருப்பு கிளிப்பின் மூலையில் இருக்கலாம்.

படி 6: எந்த டிஸ்க்கில் எது

சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்கு சுமார் 150 எம்பி தரும், நிரம்ப நிரம்பக் குறையும். சாட்டா எஸ்எஸ்டி 500ஐத் தொடும். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் எந்த டிஸ்க்காக இருந்தாலும் 40ஐத் தாண்டாது. கேபினட்டின் முன்பக்கத்தில் கறுப்பு போர்ட்டைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

4கே புரோரெஸ் 422 ஒரு ஓட்டத்துக்கு நொடிக்கு 61 எம்பி கேட்கும் (492 மெகாபிட்டை 8ஆல் வகுத்தது). மூன்று கேமராவையும் ஒரே நேரத்தில் ஓட்டும் மல்டிகேம் என்றால் 180க்கு மேல். ஹார்டு டிஸ்க் அங்கேயே படுத்துவிடும். மாற்றியும் ஹேங்க் ஆகுதே என்று புலம்புபவர்களில் பாதிப்பேர் கதை இதுதான். அதே மூன்று கேமராவுக்கு பிராக்ஸி 15 எம்பிகூடக் கேட்காது.

எனவே ஒரிஜினல் பெரிய ஹார்டு டிஸ்க்கில், பிராக்ஸியும் கேஷும் (மென்பொருள் தற்காலிகமாக எழுதும் ஃபைல்கள்) எஸ்எஸ்டியில். 500 ஜிபி எஸ்எஸ்டியே இதற்குத் தாராளம். எந்த டிஸ்க்கையும் கழுத்து வரை நிரப்பாதீர்கள், பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

படி 7: இரவில் ஓட விடும் முன்

முதலில் ஒரு நிமிட கிளிப்பை மட்டும் மாற்றி, வந்த ஃபைலின் அளவை 60ஆல் பெருக்கி, மொத்த மணி நேரத்தோடு ஒரு பெருக்கு. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆர்எஃப் போலத் தரத்தை நிலையாக வைத்து ஓட்டும் முறையில், இந்தச் சோதனைக்கு அமைதியான கிளிப்பை எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். பனியில் நிற்கும் ஜோடி கொஞ்சமாகத்தான் இடம் கேட்கும். கெட்டிமேளம் முழங்கி, அட்சதை மழையாக விழும் அந்த இருபது நொடி இருக்கிறதே, அதில் ஒவ்வொரு அரிசிக்கும் தனிக் குறிப்பு எழுத வேண்டும். சோதனைக்கு அது வரும் நிமிடத்தை எடுங்கள்.

யூபிஎஸ் கட்டாயம். எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கரன்ட் போனால் 20 ஜிபி ஃபைல் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் திறக்காது. ஒரே பெரிய ஃபைலாக இல்லாமல் கிளிப் கிளிப்பாக மாற்றுவதில் உள்ள லாபமும் இதுதான். போனால் ஒன்றுதான் போகும். அக்னி நட்சத்திரத்தில் சேலத்தில் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து என்கோடிங் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடு ஏறினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மூன்று மணி நேர வேலை ஆறு ஆகும். கீழே இரண்டு புத்தகமாவது முட்டுக் கொடுங்கள்.

படி 8: ஒரிஜினலுக்குத் திரும்பி, ரெண்டர்

எடிட்டிங் முடிந்ததும் பிராக்ஸியை அணைத்து, டைம்லைனை ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பாருங்கள். இணைப்பு அறுந்த கிளிப் சிவப்பாக நிற்கும். கலரும், ஃபோகஸ் சரிபார்ப்பும், ஷார்ப்னஸும் இந்தக் கட்டத்தில்தான். ரெண்டர் (முடித்த படத்தை ஃபைலாக எழுதுவது) அமைப்பில் 'பிராக்ஸியைப் பயன்படுத்து' என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் 4கே என்று பெயர் போட்ட 1080பி படத்தைத்தான் கொடுப்பீர்கள்.

எங்கள் கல்யாணப் படம் இரண்டரை மணி நேரம். டிவியில் பார்க்க 1080பி, எச்.264, 12 எம்பிபிஎஸ் வைக்கிறோம். 0.45ஆல் பெருக்கினால் மணிக்கு 5.4, மொத்தம் 13.5 ஜிபி. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் ஆக்கினால் சில பழைய டிவி படிக்காது. அதனால் நலங்கு, ரிசப்ஷன், முகூர்த்தம், ஏற்காடு என்று நாற்பது நிமிடத்துக்கு மிகாத துண்டுகளாகப் பிரித்துவிடுகிறோம், ஒவ்வொன்றும் 3.6 ஜிபிக்குள் நிற்கும். பார்ப்பவர்களுக்கும் அதுதான் வசதி, யாரும் இரண்டரை மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருவதில்லை.

ஒப்படைத்த பிறகு அழிக்கக்கூடியவை: பிராக்ஸி, ரெண்டர் கேஷ், புரோரெஸ்ஸுக்கு மாற்றியவை. ஒரிஜினல் இருக்கும் வரை இவற்றை எப்போது வேண்டுமானாலும் திரும்பச் செய்துகொள்ளலாம். அழிக்கக் கூடாதவை: கேமரா ஒரிஜினல், புராஜெக்ட் ஃபைல், நிலைப்படுத்திய போன் கிளிப்கள், கடைசி அவுட்புட். இவை இரண்டு டிஸ்க்கில், ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். கார்டை ஃபார்மட் செய்வது இரண்டு காப்பியையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான்.

அந்த விடிகாலைக் கல்யாணத்துக்கு என்ன செய்தோம் என்றால், 2 டெராபைட்டையும் ஒரே செலக்ட், ஒரே டெலீட். ஏழு மணிக்கு பிராக்ஸி ஓடத் தொடங்கியது. தம்பி ஐந்து ரோடு பக்கம் போய் டீயும் தட்டுவடை செட்டும் வாங்கி வந்தான். சாயங்காலம் ஏற்காடு அவுட்டோரிலிருந்து முதல் கட் தொடங்கிவிட்டோம். புது டிஸ்க்கில் இன்னும் 1.6 டெராபைட் காலியாக இருந்தது.